நெய் மணத்த பியர்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. எழுதினால் என்றைக்காவது அதற்கும் ஒரு பதில் வரும். மறக்காமல் இருப்பதுதான் அவருடைய முழுநேரத் தொழில். வெற்றிலை தெரிந்து அடுக்குவதும் பியர் மணப்பதும் அதற்குப் பிறகுதான்.

பியரை மணப்பதா என்று கேட்பீர்கள். அக்கா வாழ்நாளில் ஒரு மிடறு குடித்ததில்லை. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் தொட மாட்டார், கந்தசஷ்டி ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாடு. அப்படிப்பட்ட மனுசிதான் அமெரிக்காவிலிருந்து வந்த வெறி கூடிய அத்தனை பியருக்கும் தீர்ப்புச் சொன்னவர்.

நான் அப்போது பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். முப்பது வயது தாண்டியிருந்தது. முருங்கைக்காய், கருவாடு, தோசைக்கல், முருகன் படம் போட்ட காலண்டர் எல்லாம் விற்கும் கடை. சுற்றியிருந்த தெருக்களில் தாடி வைத்த பிரெஞ்சுக்காரர்கள் குடிவரத் தொடங்கியபோது, அவர்கள் முருங்கைக்காய்க்கு வரவில்லை என்பது முதலாளிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் அரிசி மூட்டைகளை அகற்றி, வெள்ளையடித்து, மஞ்சள் விளக்குப் போட்டு, அமெரிக்கப் பியர் அடுக்கினார். பெரிய கம்பனிகளின் பியர் அல்ல. ஓரிகன், மிச்சிகன், வெர்மொண்ட் என்று எங்கெங்கோ நாலைந்து பேர் சேர்ந்து கொட்டிலுக்குள் காய்ச்சுகிற பியர். சாதாரணப் பியரைவிட இரண்டு மடங்கு, சிலது மூன்று மடங்கு வெறி. ஒரு போத்தலை மூன்று பேர் பகிர்ந்து, பிள்ளைக்கு மருந்து பருக்குவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார்கள். குடிக்க முன்னர் மணப்பார்கள். மணந்துவிட்டு அரை மணி நேரம் அதைப் பற்றியே கதைப்பார்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. முதலாளிக்கு மணம் தெரியாது. இளவயதில் மோட்டார்சைக்கிளால் விழுந்து மண்டையில் அடிபட்டதோடு போனது. கருவாட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டாலும் அவருக்கு ஒன்றுதான், மல்லிகைச் சரத்துக்குள் விட்டாலும் ஒன்றுதான். அது கடையில் எனக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம்.

அக்கா 2009 கடைசியில் பாரிசுக்கு வந்தவர். புருசன் இல்லை. பன்னிரண்டு வயது மகளை வவுனியாவில் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அகதி விண்ணப்பம் இரண்டு தரமும் தள்ளுபடியாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரு வழி. வேலை கொடுக்கிற முதலாளி, இவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் பிரிபெக்தூர் என்கிற அரச அலுவலகத்தில் வதிவிட அட்டைக்கு, எங்கள் பேச்சில் 'காட்', விண்ணப்பிக்கலாம். காட் கிடைத்தால் மகளைக் கூப்பிடலாம். ஆனால் மகளுக்குப் பதினெட்டு ஆவதற்குள் கூப்பிட வேண்டும். முதலாளி, "மூண்டு வருசம் நில்லும் பிள்ளை, நான் வைச்சுத் தாறன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா கடையின் பின்னறையில் நின்று கறிவேப்பிலையும் வெற்றிலையும் நல்லது கெட்டது பார்த்துத் தெரிந்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நான் நிலவறைக்குள் ஒரு பெட்டியைத் தவறவிட்டேன். கறுப்புப் பியர், நாலு போத்தல் உடைந்தது. மேலே பின்னறையில் இருந்து அக்கா படியருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆர் கீழை பனங்கட்டி எரிக்கிறது? கோப்பிக்கொட்டையும் கருகுது. வறுத்த உழுந்தும் கிடக்கு."

முதலாளி போத்தலில் ஒட்டியிருந்த காகிதத்தை எடுத்து வாசித்தார். கருகிய சீனிப்பாகு, கோப்பி, வறுத்த தானியம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவர் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் நல்லாகப் பார்த்தேன். தொலைந்த மூக்கு திரும்பிக் கிடைத்த வெளிச்சம்.

"எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"படையலுக்குச் சமைக்கிற ஆள் நாக்கிலை வைச்சுப் பாக்கேலாதெல்லோ. சாமிக்குப் படைக்க முதல் ருசி பாத்தா எச்சில். உப்புப் புளி எல்லாம் மணத்திலைதான் பிடிக்கோணும். பதினாலு வயசிலையிருந்து கோயில் மடத்திலை அதுதான் செய்தனான்."

அன்றிலிருந்து அக்காவுக்கு இரண்டாவது வேலை. புதுப் பியர் வந்தால் ஒரு கிளாசில் இரண்டு விரல் அளவு ஊற்றி நான் நீட்டுவேன். அக்கா உள்ளங்கையால் கிளாசை மூடி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கையை எடுத்து மூக்கருகே பிடிப்பார். கண் மூட மாட்டார், தலையாட்ட மாட்டார். முதலில் மணத்தைச் சொல்வார். பிறகு தீர்ப்பு. தீர்ப்பு ஒற்றைச் சொல்தான். "சரி" அல்லது "வேண்டாம்." கடல் கடந்து வெயிலில் கிடந்து பழுதான பியர் எத்தனையோ வரும். "நனைஞ்ச காட்போட் மட்டை. வேண்டாம்." அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் பியர் இருக்கிற அறைக்குள் கால் வைக்க மாட்டார். மேலேயிருந்து மூன்றாவது படியில் நிற்பார், நான் கிளாசைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "படியிலை நிண்டு மணக்கிறதுக்கு முருகன் ஒண்டும் சொல்லமாட்டார்" என்பார். முருகனோடு அப்படி ஏதோ ஒப்பந்தம்.

அவர் சொன்னதையெல்லாம் முதலாளி பாடமாக்கிப் பிரெஞ்சில் ஒப்புவித்தார். மாங்காய்க் காம்பை ஒடிக்கும்போது வருகிற பால், வேப்பம்பூ வடகம் பொரிகிற எண்ணெய், மழைக்கு முந்திய சாம்பிராணி. தாடிக்காரர்கள் சொக்கிப் போனார்கள். அவர்களுடைய புத்தகங்களில் இல்லாத சொற்கள் அல்லவா. ஒருநாள் ஒரு பத்திரிகைக்காரி வந்து படம் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்த மாதம் அரைப் பக்கத்தில் முதலாளி, கிளாசுக்குள் மூக்கை விட்டபடி. தலைப்பு, லா சப்பலின் மூக்கு.

நான் கோபத்தோடு அதை அக்காவிடம் காட்டினேன். அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படத்திலை மூக்கு நல்லா விழுந்திருக்கு" என்றார்.

பிறகு மரக்கறி வெட்டும் கத்தரிக்கோலால் அதைக் கவனமாக வெட்டியெடுத்து, தன் பேர்சில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். ஏன் என்று கேட்டேன். "மறந்துபோகக் கூடாதெல்லோ" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

அக்கா பழிவாங்குகிற விதம் தனி. சண்டை பிடிக்க மாட்டார், தூற்ற மாட்டார், பொய் சொல்லவே மாட்டார். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவார். அவ்வளவுதான். பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெசில் அவர் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார், சமைக்கிற குசினி வீட்டுக்காரியோடு பொது. அந்த வீட்டுக்காரி ஒருநாள் யாருடனோ தொலைபேசியில், "விசாவில்லாததுகளை வைச்சிருந்தா வீடே மணக்கும்" என்று சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. எட்டு மாதம் கழித்து வீட்டுக்காரியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. காலையில் பெரிய கிடாரத்தில் பாயசம் கொதிக்கிறது. அக்கா குசினியைக் கடந்து போகும்போதே தேங்காய்ப்பால் திரைந்து பழுதாகிவிட்டது மணத்தில் தெரிந்துவிட்டது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நேரே ரயிலுக்கு வந்துவிட்டார். மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்கு முன்னால் பாயசம் என்ன ஆனது என்பதை அவர் எனக்குச் சொல்லும்போது வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"கேட்டாச் சொல்லுவன். அவ கேக்கேல்லை."

அதுதான் அவருடைய வேதவாக்கு. கேட்டாச் சொல்லுவன். எத்தனையோ பேர் கேட்காமல் கெட்டார்கள். அக்காவை எப்போதும் நாலு வயதுப் பிள்ளையோடு கதைப்பதுபோல இழுத்து இழுத்துப் பிரெஞ்சு கதைக்கிற ஒரு தாடிக்காரன், மணம் செத்துப்போன பியரில் ஒரு பெட்டி தூக்கிக்கொண்டு போனதை நானும் அக்காவும் சேர்ந்து பார்த்தோம். நான் உள்ளே போய் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

நெய் விசயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒருதரம் முதலாளி இல்லாத நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் ஒரு போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தார். வெண்ணெய் மணக்கிறது, பழுதான பியர் என்றார். விளக்கமும் சொன்னார். புளிக்கிற காலம் முடிய முன்னர் அவசரப்பட்டு இறக்கினால் அந்த மணம் நிற்குமாம். காய்ச்சுகிறவனுக்கு அது தலைகுனிவாம். நான் அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"நெய் மணத்தாப் பழுதோ? உதென்ன கோதாரி! எங்கடை ஆக்கள் ஒருத்தரும் நம்பாயினம்."

நம்ப மாட்டார்கள்தான். நெய் மணத்தால் எங்களுக்கு விசேசம், கோயில், பொங்கல். அன்று தொடக்கம் அப்படிப்பட்ட பியர் வந்தால் அக்கா மணத்தைச் சொல்லாமல் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவார். நெய் மணத்தால் பழுது என்பது முதலாளிக்குத் தெரியவே தெரியாது.

சொன்ன மூன்று வருடம் நாலாயிற்று. கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம் பிள்ளை." பிறகு முதலாளியின் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வந்து சேர்ந்தான். மூன்று கிழமைக்குள் அவனுக்குப் பத்திரம் தயார். அக்காவுக்கு அது தெரிந்ததே அவன் வாயால்தான். காட் எடுக்க நாலு படம் பிடிக்க வேணும், எங்கே நல்லாகப் பிடிப்பார்கள் என்று அக்காவிடமே விசாரித்தான், மடையன்.

அக்கா முதலாளியிடம் போனார். நான் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன்.

"கடையிலை இருந்து ஒரு ஆளுக்குத்தான் இப்ப கேக்கலாம் பிள்ளை. இன்னும் கொஞ்சம் பொறும். இடையிலை ஆரும் வந்து விசாரிச்சா, நீர் இஞ்சை வேலை செய்யேல்லை எண்டு சொல்லும். விளங்குதோ? நீர் இஞ்சை வேலையே செய்யேல்லை."

"ஓம் முதலாளி. விளங்குது."

மகளுக்கு அப்போது பதினேழு.

அடுத்த நாள் அக்கா என்னிடம் வந்தார். விசா இல்லாதவர்களுக்கு உதவுகிற ஒரு பிரெஞ்சு அம்மாவைக் கண்டு கதைத்திருந்தார். முதலாளி தராவிட்டாலும், கூட வேலை செய்கிற ஒருவர், இவரை இந்தக் கடையில் இத்தனை வருடமாகக் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அதை வைத்து வழக்குப் போடலாமாம்.

"தம்பி, உம்மடை ஒரு கடிதம் போதும்."

என்னுடைய காட் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் இதே முதலாளியின் கடிதம்தான். அன்று நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பூசி மெழுகவில்லை.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உங்களை இஞ்சை கண்டனான் எண்டு என்னாலை எழுதேலாது."

அக்கா என்னைப் பார்த்தார். மணந்து முடித்த கிளாசைக் கீழே வைக்கிற அதே முகம்.

"சரி" என்றார்.

வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. ஏன் இன்னும் நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அமெரிக்கன் வரட்டும்" என்றார்.

அமெரிக்கர் வருவதாக இருந்தது. வெர்மொண்ட் பக்கத்தில் பியர் காய்ச்சுகிறவர். பாரிசில் தன் பியரை ஒரேயொரு கடைக்கு மட்டும் கொடுக்க யோசித்திருந்தார். முதலாளியின் மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு நேரில் பார்க்க வருகிறார். முன்கூட்டியே ஐந்து வகைப் பியர் அனுப்பியிருந்தார், அதில் மிகத் திறமானதைத் தெரிவுசெய்து முதலில் திறந்து கதைக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நாலு மணிக்கு, நிலவறையில், இருபது வாடிக்கையாளர்கள் முன்னிலையில்.

அன்று காலை அக்கா மூன்றாவது படியில் நின்று ஐந்தையும் மணந்தார். முதல் இரண்டுக்கும் தோடம்பழத் தோல், பைன்மரப் பிசின் என்று ஏதோ சொன்னார். மூன்றாவது கிளாசைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

"நெய்" என்றார். "நல்லா உருக்கின நெய். கோயில் பொங்கலுக்கு விடுறமாதிரி."

"அட சக்கை!" என்று முதலாளி தொடையில் தட்டினார். "நெய்யோ! இதுதான் முதல்லை திறக்கிறது!"

வேண்டாம் என்ற சொல்லுக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. சரி என்ற சொல்லும் வரவில்லை. முதலாளி கேட்கவும் இல்லை. அக்கா படியில் நின்று என்னைப் பார்த்தார். ஐந்து வருடம் என்னை "டேய்" என்று கூப்பிட்டவன், மழையில் பெட்டி இறக்க வைத்தவன், காட் புதுப்பிக்கக் கடிதம் தரும்போதெல்லாம் பிச்சை போடுகிறவன்போல முகத்தை வைத்தவன், அதோ என் முன்னால் மீசையைத் தடவிக்கொண்டு நிற்கிறான். நான் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நாலு மணிக்கு முதலாளி அந்த வகையில் இன்னொரு போத்தலைத் திறந்தார். அமெரிக்கர் உயரமான, கூச்சமுள்ள மனிதர். முதலாளி கிளாசுக்குள் மூக்கை விட்டு, பத்திரிகைப் படத்தில் இருந்ததுபோலவே கண்ணை மூடி, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தொடங்கினார். நெய். உருக்கிய வெண்ணெய். எங்கள் ஊரில் கடவுளுக்குப் படைக்கிற மணம். இதைவிட நல்ல பியரை நான் மணந்ததில்லை.

அமெரிக்கர் அவசரமாகத் தன் கிளாசை மணந்தார். காது வரைக்கும் சிவந்துபோனார். இந்தப் போத்தல்கள் பழுது, அவசரத்தில் இறக்கியிருக்கிறோம், என் பிழை, மன்னியுங்கள் என்று சொல்லித் தன் பியரைத் தானே தொட்டியில் ஊற்றினார். வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நெய் நல்லதுதானே என்று முதலாளி இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார். அமெரிக்கர் இரண்டு கிளாசில் வேறு பியர் ஊற்றி, கோபமில்லாமல், இதில் எது நல்லது, எது பழுது என்று சொல்லுங்கள் என்றார்.

முதலாளி ஒன்றை மணந்தார். மற்றதை மணந்தார். திரும்ப முதலாவதை. அவருக்கு இரண்டும் தண்ணீர்தான். நெற்றியில் வியர்வை ஓடியது. கடைசியில் தலையைத் திருப்பிப் படியைப் பார்த்தார். மூன்றாவது படியில் அக்கா நின்றார், குளிர்ச்சட்டை போட்டு, பையையும் தோளில் மாட்டி.

"பிள்ளை," என்றார் தமிழில், தாழ்ந்த குரலில். "எது எண்டு சொல்லும் பிள்ளை."

"கேட்டாச் சொல்லுவன் முதலாளி," என்றார் அக்கா. "ஆனா நான் இஞ்சை வேலை செய்யேல்லைத்தானே."

திரும்பி இரண்டு படி ஏறிப் போய்விட்டார். அதோடு சரி, அந்தக் கடைக்குள் பிறகு அவர் கால் வைக்கவில்லை. அமெரிக்கரின் பியர் வேறொரு கடைக்குப் போனது. தாடிக்காரர்கள் கதையை ஊதிப் பெருப்பித்தார்கள். ஒரு வருடத்துக்குள் நிலவறைக்குள் அரிசி மூட்டைகள் திரும்பி வந்தன. எங்கள் ஆட்கள் இப்போதும் முதலாளியைத் தெருவில் கண்டால், அவர் கடந்து போனதும் "மூக்குப் போகுது" என்பார்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு இனிக்கிறது. நானும் வாயை மூடியிருந்தேன் அல்லவா, அக்காவுக்கு நான் செய்ததற்கு அதோடு ஈடாகிவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

அக்காவுக்குக் காட் கிடைத்ததைக் கேள்விப்பட்டேன். செவ்ரான் என்கிற புறநகரில் விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கிற ஒருவர் பத்திரம் கொடுத்தாராம். ஆனால் அதற்குள் மகளுக்குப் பதினெட்டு கடந்துவிட்டது.

பிறகு நான் அதற்குப் பக்கத்து ஊரான ஓல்னேயில் சொந்தமாக ஒரு சின்னப் பியர்க் கடை போட்டேன். வேறு என்ன தொழில் எனக்குத் தெரியும். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னர் அக்காவின் நம்பரைத் தேடிப் பிடித்து, வந்து மணந்து பார்த்துத் தருவீர்களா என்று கேட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. மறுநாள், புதன்கிழமை, வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கதிரையில் அமர்ந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், கையை நீட்டினார்.

ஆறு போத்தல் திறந்தேன். ஐந்துக்கும் பழையபடி மணம், தீர்ப்பு. சரி, சரி, வேண்டாம், சரி, சரி. ஆறாவதை மணந்தார். கீழே வைத்தார். தீர்ப்பு வரவில்லை.

"ஆறாவது எப்பிடி அக்கா?"

"கனகாலத்துக்குப் பிறகு கண்டிருக்கிறீர் தம்பி. வந்ததிலையிருந்து பியரையே கேட்டுக்கொண்டிருக்கிறீர். பிள்ளையைக் கேக்கேல்லை."

கேட்டேன். கேட்டால் சொல்வார் அல்லவா.

"மகள் எப்பிடி அக்கா?"

"இருபத்தொரு வயசு. என்னோடை கதைக்கிறேல்லை. வா எண்டு கூப்பிடுறன், கூப்பிடுறன் எண்டு ஆறு வருசம் ஏமாத்தினனாம். போன் எடுத்தா வைச்சிடுவாள்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பினார். "என்ரை பிள்ளையெல்லோ. மறக்கமாட்டாள்."

கதவுவரை கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனார்.

ஆறாவது கிளாஸ் மேசையில் அப்படியே இருந்தது. மணந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்தப் பியரில்தான் நாற்பது பெட்டி வாங்கி வைத்திருந்தேன்.